காரைக்குடி பின்கோடை ரெண்டு தடவை எழுதினா வர்ற 12 இலக்க எண்ணு: கையாலேயே முழுசா பிரிச்சுப் பாக்குற வழி

630003. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு லெட்டர் போட்டா கடைசியில எழுதுற பின்கோடு. இதை பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை எழுதுங்க, 630003630003. அதாவது அறுபத்து மூவாயிரம் கோடியே முப்பத்தாறு லட்சத்து முப்பதாயிரத்து மூணு. இந்த ஒரு எண்ணை வச்சுக்கிட்டு அதோட பகா காரணிகள், மொத்தம் எத்தனை வகுத்தி, அதுகளோட கூட்டுத்தொகை, வர்க்கங்களோட கூட்டலா எழுத முடியுமா, 1-ஐ இதால வகுத்தா தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருக்க திரும்ப வரும், இதெல்லாம் ஒண்ணு விடாம பாத்துரலாம். பேப்பர், பேனா, பலசரக்குக் கடையில வச்சிருக்கிற மாதிரி சாதா கால்குலேட்டர் போதும்.

என்கிட்ட டியூஷனுக்கு வர்ற பசங்க பெரிய எண்ணைப் பாத்த உடனே போனைத்தான் எடுக்குறாங்க. போன்ல விடை வந்துரும், ஆனா ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியாது, அடுத்த எண்ணுக்கு மறுபடி போனைத்தான் எடுக்கணும். அதனால நான் எப்பவும் சொல்றது, மொதல்ல எண்ணோட உருவத்தைப் பாருங்க, வகுக்குறதை அப்புறம் வச்சுக்கலாம். இந்த எண்ணுல அப்படிப் பாத்தா என்ன கிடைக்குதுன்னு பாருங்க, எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கிற ஒரு விஷயம் நடுவுல வருது.

மொதல்ல வேலை எவ்வளவுன்னு பாப்போம்

ஒரு எண்ணு பகா எண்ணா இல்லையான்னு பாக்க அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கிற பகா எண்களால வகுத்துப் பாக்கணும். நம்ம எண்ணோட வர்க்கமூலம் 7,93,727-க்கும் 7,93,728-க்கும் நடுவுல நிக்குது. அது வரைக்கும் அறுபதாயிரத்துக்கும் மேல பகா எண்கள் இருக்கு, ஒவ்வொண்ணா வகுக்குறது நடக்குற காரியம் இல்ல. ஆனா நம்ம எண்ணு ஒரே ஆறு இலக்கம் ரெண்டு தடவை வந்தது இல்லையா? அங்கதான் கதவு திறக்குது.

படி 1: உருவத்தை வச்சு ரெண்டா உடைக்கிறது

630003-ஐ ரெண்டு தடவை எழுதுறதும், 630003-ஐ பத்து லட்சத்தால பெருக்கி அதோட இன்னொரு 630003-ஐ கூட்டுறதும் ஒண்ணுதான். அப்ப

630003630003 = 630003 × 1000001

அவ்வளவுதான், 12 இலக்கம் ஒரே வரியில ஆறும் ஏழுமா உடைஞ்சிருச்சு. எந்த ஆறு இலக்க எண்ணை ரெண்டு தடவை எழுதினாலும் 1000001 உள்ள வந்தே தீரும். மூணு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினா 1001 வரும், அது 7 × 11 × 13. அதனாலதான் 482482 மாதிரி எந்த எண்ணும் 7, 11, 13 மூணாலயும் வகுபடுது.

படி 2: 1000001

இதுக்கும் ஒரு உருவம் இருக்கு. 1000001 = 100³ + 1. ஸ்கூல்ல படிச்ச அ³ + 1 = (அ + 1)(அ² − அ + 1) ஞாபகம் இருக்கும், அதுல அ = 100 போடுங்க. முதல் அடைப்பு 101, ரெண்டாவது 10000 − 100 + 1 = 9901. ஆக 1000001 = 101 × 9901.

101 பகா எண், 2, 3, 5, 7-ஆல போகாதுன்னு பாத்தாலே போதும். 9901-க்கு 97 வரைக்கும் இருக்கிற 25 பகா எண்களாலயும் வகுத்துப் பாக்கணும், பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆனா கொஞ்சம் யோசிச்சா 25-ஐ 5 ஆக்கிரலாம், இந்த யோசனை பின்னாடி தசமம் வரும்போதும் உதவும், அதனால பொறுமையா படிங்க.

9901-ஐ ப-ன்னு ஒரு பகா எண் வகுக்குதுன்னு வச்சுக்கிருங்க. அப்ப அது 1000001-ஐயும் வகுக்கும், அதாவது 10⁶-ஐ ப-ஆல வகுத்தா மீதி −1. ஸ்கொயர் பண்ணினா 10¹²-க்கு மீதி 1. இப்ப 10, 100, 1000ன்னு பெருக்கிட்டே போங்க, மீதி முதல் தடவையா 1 ஆகுற இடம் 12-ஐ வகுக்கணும், ஆனா 6-ஐ வகுக்கக்கூடாது, மிச்சம் இருக்கிறது 4-ம் 12-ம்தான். 4-ன்னா ப = 101-ஆ இருக்கணும், 9901-ஐ 101-ஆல வகுத்தா 3 மிச்சம் நிக்குது, அது ஒத்து வராது. அப்ப 12தான். ஃபெர்மா 1640-ல ஒரு லெட்டர்ல எழுதின சின்னத் தேற்றப்படி 10-ஐ ப−1 தடவை பெருக்கினா மீதி 1 ஆகணும், அதனால 12 வந்து ப−1-ஐ வகுக்கும். 97 வரைக்கும் அப்படி இருக்கிற பகா எண்கள் 13, 37, 61, 73, 97 மட்டும்தான். வகுத்துப் பாருங்க, மீதி வரிசையா 8, 22, 19, 46, 7. ஒண்ணுகூட பூஜ்யம் இல்ல, 9901 பகா எண்.

படி 3: பின்கோடு 630003

இலக்கங்களைக் கூட்டுங்க, 6 + 3 + 3 = 12. அப்ப 3-ஆல போகும், 9-ஆல போகாது. 630003 ÷ 3 = 210001.

அடுத்து 7, 11, 13 மூணையும் ஒரே கல்லுல அடிச்சிரலாம், 1001 = 7 × 11 × 13ன்னு மேல பாத்தோம்ல. வலது பக்கத்துல இருந்து மூணு மூணு இலக்கமா பிரிச்சு கழிச்சுக் கூட்டிக்கிட்டே போங்க. 210001-க்கு 001 − 210 = −209. 209 = 11 × 19. ஆக 11-ஆல போகும், 7-ஆலயும் 13-ஆலயும் போகாது. 210001 ÷ 11 = 19091.

17-க்கு சுருக்கு வழி எல்லாம் தேடாதீங்க, நேரா வகுங்க. 19-ல ஒரு தடவை, மீதி 2, அதோட 0 சேந்து 20-ல ஒரு தடவை, மீதி 3, 39-ல ரெண்டு தடவை, மீதி 5, 51-ல மூணு தடவை, மீதி இல்ல. ஈவு 1, 1, 2, 3ன்னு ஃபிபோனாச்சி வரிசை மாதிரியே இறங்குது, 1123. இது பகா எண்ணான்னு பாக்க 31 வரைக்கும் போனா போதும், ஏன்னா 34 × 34 = 1156 தாண்டிரும். 7-க்கு மீதி 3, 11-க்கு 1, 13-க்கு 5, 17-க்கு 1, 19-க்கு 2, 23-க்கு 19, 29-க்கு 21, 31-க்கு 7. பகா எண்தான்.

ஆக முழு எண்ணும் இதுதான்:

630003630003 = 3 × 11 × 17 × 101 × 1123 × 9901

ஆறு பகா எண், ஒண்ணுகூட ரெண்டு தடவை வரல.

படி 4: சரி பாக்குறது, இதை விட்டுறாதீங்க

ஆறையும் பெருக்கிப் பாக்குறதுக்கு முன்னாடி மீதியை வச்சு ஒரு சோதனை போடுங்க. 9-ஆல வகுத்தா 3, 11, 17, 101, 1123, 9901 எல்லாத்துக்கும் மீதி 3, 2, 8, 2, 7, 1. பெருக்கிட்டே வாங்க, 9 தாண்டுனா கழிச்சிருங்க, கடைசியில 6 வரும். நம்ம எண்ணோட இலக்கக் கூட்டல் 24, அதுவும் 6. ஒத்துப் போச்சு.

ஆனா 9-ஐ மட்டும் நம்பாதீங்க, ரெண்டு இலக்கம் இடம் மாறிப் போனா 9-க்குத் தெரியவே தெரியாது. அதனால 7-ஐயும் போடுங்க. மீதிகள் 3, 4, 3, 3, 3, 3, பெருக்கினா 6. எண்ணை மூணு மூணா பிரிச்சா 003 − 630 + 003 − 630 = −1254, அதோட 7-க்கான மீதியும் 6. பத்தாம் கிளாஸ் கணக்கு புக்குல மட்டு எண்கணிதம்னு வருதே அது இதுதான், பரீட்சைக்குன்னு மட்டும் படிச்சுட்டு விட்டுறாதீங்க.

படி 5: ஒரு நிமிஷம் நின்னு பாக்க வேண்டிய இடம்

இங்க இருந்து அவசரப்படாதீங்க. பின்கோடுல இருக்கிற சின்ன பகா எண்கள் மூணையும் பெருக்குங்க, 3 × 11 × 17 = 561. அப்ப

630003 = 561 × 1123

561-ஐ ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க. 1123! அப்ப 630003 = 1122 × 1123 ÷ 2. அதாவது 1-ல இருந்து 1122 வரைக்கும் எல்லா எண்ணையும் கூட்டினா வர்றது சரியா 630003. இது ஒரு முக்கோண எண்.

ஆறு இலக்க எண்கள் மொத்தம் 9 லட்சம், அதுல முக்கோண எண்கள் 967 மட்டும்தான், 447-வது முக்கோண எண்ணான 1,00,128-ல இருந்து 1413-வதான 9,98,991 வரைக்கும். பின்கோடு வரிசையில இதுக்கு முந்தின முக்கோண எண் 628881, அடுத்தது 631126. காரைக்குடிக்கு 630003 விழுந்தது தற்செயல்தான், தபால்துறை யாரும் முக்கோணம் பாத்து ஒதுக்கல, ஆனாலும் நம்ம ஊரு கவர்ல தினமும் எழுதுற எண்ணுக்குள்ள இது உக்காந்திருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எந்த எண்ணையும் முக்கோண எண்ணான்னு பாக்க ஒரு வழி இருக்கு. 8-ஆல பெருக்கி 1 கூட்டுங்க, வர்றது முழு வர்க்கமா இருந்தா முக்கோணம். 8 × 630003 + 1 = 50,40,025 = 2245². 12 இலக்க எண்ணுக்கு இதையே போட்டா 5040029040025, அது 2245000-ஓட வர்க்கத்துக்கும் 2245001-ஓட வர்க்கத்துக்கும் நடுவுல மாட்டிக்குது, அதனால பெரிய எண்ணு முக்கோணம் இல்ல.

561 இருக்கே, அது தனியாவே பேர் பெத்த எண்ணு, கார்மைக்கேல் எண்கள்லயே ஆகச் சின்னது. ஃபெர்மா தேற்றத்தை திருப்பிப் போட்டு பகா எண் சோதனையா பயன்படுத்தினா 561 ஏமாத்திரும். 561-ஓட பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை எடுத்து 560 தடவை பெருக்கினாலும் மீதி 1 தான் வரும், பகா எண் மாதிரியே நடந்துக்கும், ஆனா அது பகு எண். காரணம் லேசுதான்: 3, 11, 17-ல ஒண்ணு ஒண்ணு குறைச்சா 2, 10, 16, இந்த மூணும் 560-ஐ மீதியில்லாம வகுக்குது. இந்த அடையாளத்தை கோர்செல்ட் 1899-ல சொல்லிட்டார், ஆனா 561-ஐ 1910-ல காட்டினது கார்மைக்கேல். இந்த மாதிரி எண்கள் முடிவே இல்லாம இருக்குன்னு நிரூபிக்க 1994 வரைக்கும் ஆச்சு, ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூணு பேரும் சேந்து பண்ணினாங்க.

ஆறு பகா காரணின்னா நிறையவா கம்மியா?

ஹார்டியும் ராமானுஜனும் 1917-ல சொன்னது, ஒரு எண்ணுக்கு வழக்கமா இருக்கிற வேற வேற பகா காரணிகளோட எண்ணிக்கை அந்த எண்ணோட லாகுக்கு மறுபடி லாக் எடுத்தா வர்ற அளவுல இருக்கும்னு (இயல் மடக்கை, பத்தடிமானம் இல்ல). நம்ம எண்ணுக்கு முதல் லாக் கிட்டத்தட்ட 27.17, அதுக்கு மறுபடி லாக் 3.3. அப்ப மூணு சொச்சம் எதிர்பாக்கணும், நம்ம கையில ஆறு இருக்கு, பணக்கார எண்ணுதான்.

ராமானுஜன் பேரைச் சொன்னதால இதையும் சொல்லிடுறேன். கோட்டையூர் அழகப்ப செட்டியார் காரைக்குடியில காலேஜ் கட்டினதும், 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி மையத்தை இங்க கொண்டு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். 1950-ல சென்னையில ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கினதும் அவர்தான், அதோட முதல் இயக்குநர் எண் கணிதத்துல பெரிய பேர் வாங்கின டி. விஜயராகவன். இது நம்ம ஊருப் பிள்ளைகள்ல நிறைய பேருக்குத் தெரியாது.

படி 6: வகுத்திகள்

ஆறு பகா எண்ணும் ஒவ்வொரு தடவைதான் வருதுங்கிறதால ஒவ்வொண்ணையும் சேக்கலாம் இல்ல விடலாம், 2⁶ = 64 வகுத்தி. ஆத்தங்குடி கல்லு இத்தனை வாங்கிட்டு வந்து ஒண்ணுகூட மிச்சம் இல்லாம ஒரு செவ்வகத் தரையா பதிக்கணும்னா எத்தனை அளவுல பதிக்கலாம்னு கேட்டா அதுக்கு விடை 32, ஏன்னா வகுத்திகள் ஜோடி ஜோடியா வரும்.

அதே 32 ஜோடியும் 32 வழியில ரெண்டு வர்க்கங்களோட வித்தியாசத்தையும் குடுக்கும். ஜோடியோட சராசரி ஒரு எண்ணு, வித்தியாசத்துல பாதி இன்னொரு எண்ணு. 630003-ஐயும் 1000001-ஐயும் எடுத்தா

630003630003 = 815002² − 184999²

பெருக்கிப் பாருங்க, 664228260004-ல இருந்து 34224630001-ஐ கழிச்சா நம்ம எண்ணு அப்படியே வந்து நிக்கும்.

வகுத்திகளோட கூட்டுத்தொகைக்கு 64-ஐயும் எழுதிக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு பகா எண்ணோடயும் 1 கூட்டி பெருக்குங்க: 4 × 12 × 18 × 102 × 1124 × 9902 = 9,80,85,12,44,544. இதுல எண்ணையே கழிச்சா 3,50,84,76,14,541, இது எண்ணைவிட ரொம்பக் கம்மி. அதனால இது குறை எண், நிறை எண் பக்கத்துல கூட வரல. ஒற்றை எண்கள் பெரும்பாலும் இப்படித்தான், 2 இல்லாததால வகுத்திக் கூட்டல் ஏற மாட்டேங்குது.

படி 7: ஆய்லர் எண்ணும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சின்ன எண்ணும்

நம்ம எண்ணோட பொதுக்காரணியே இல்லாம அதுக்குள்ள எத்தனை எண்கள் இருக்கு? இந்தத் தடவை 1 குறைச்சுப் பெருக்கணும்: 2 × 10 × 16 × 100 × 1122 × 9900 = 3,55,44,96,00,000. இதை ஆய்லரோட ஃபை சார்புன்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி எண்ணு எதை எடுத்து இத்தனை தடவை பெருக்கினாலும் மீதி 1.

ஆனா இத்தனை தடவை தேவையே இல்ல. அந்த ஆறு எண்களையும் பெருக்காம மீ.சி.ம எடுங்க. 16-ல இருந்து 2⁴, 9900-ல இருந்து 9, 25, 11, 1122-ல இருந்து 17, ஆக 16 × 9 × 25 × 11 × 17 = 6,73,200. முப்பத்தஞ்சாயிரம் கோடி எங்க, ஆறே முக்கால் லட்சத்துக்கும் கீழ எங்க! 5,28,000 மடங்கு சுருங்கிருச்சு. ஆறு பகா எண்களும் ஒரே நேரத்துல மீதி 1-க்கு வந்தா போதும், அதுக்கு மீ.சி.ம தான் கணக்கு, பெருக்கல் பலன் இல்ல. இதை வச்சு 2-ஐ 6,73,205 தடவை பெருக்கி நம்ம எண்ணால வகுத்தா என்ன மீதின்னு யாராவது கேட்டா யோசிக்காம 32ன்னு சொல்லிரலாம், 6,73,200 போக மிச்சம் அஞ்சு 2 தான் இருக்கு.

நெட்ல பாஸ்வேர்டு, பேங்க் விவரம் எல்லாம் பாதுகாக்குற ஆர்எஸ்ஏ முறையும் இந்த அடித்தளத்துலதான் நிக்குது. அங்க ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கி வைக்கிறாங்க, 2048 பிட்டுன்னா 617 இலக்கம், உருவம் எதுவும் தெரியாத மாதிரி தேர்ந்தெடுக்குறாங்க. நம்ம எண்ணுக்கு 40 பிட்டுதான், அதோட ரெண்டு தடவை எழுதின தடயமும் வெளியவே தெரியுது.

படி 8: வர்க்கங்களும் ஆறாம் அடுக்குகளும்

கடைசி ரெண்டு இலக்கம் 03, அப்ப 4-ஆல வகுத்தா மீதி 3. எந்த வர்க்கத்துக்கும் 4-ஆல மீதி 0 இல்ல 1 தான், ரெண்டு வர்க்கத்தைக் கூட்டி 3 வராது. ஆக ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுதவே முடியாது. காரணிகள்ல 3, 11, 1123 மூணும் தடுக்குது. மத்த மூணும் தனித்தனியா எழுதலாம்: 17 = 4² + 1², 101 = 10² + 1², 9901 = 99² + 10².

மூணு வர்க்கம்னா முடியும். 8-ஆல வகுத்து மீதி 7 வர்ற எண்களும் அதுகளை 4, 16, 64ன்னு பெருக்கினதும் மட்டும்தான் முடியாதுன்னு லெஜாந்த்ர் சொன்னது, நம்ம எண்ணுக்கு 8-ஆல மீதி 3. எல்லா எண்ணையும் மூணு முக்கோண எண்களோட கூட்டலா எழுதலாம்னு காவுஸ் தன்னோட டைரியில 1796 ஜூலை 10-ந் தேதி குறிச்சு வச்சிருக்கார், அதுவும் இதோட பொறந்ததுதான்.

வர்க்கத்துக்குப் பதிலா ஆறாம் அடுக்கு எடுத்தா? எந்த எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளைக் கூட்டி எழுதிரலாம்னு 1940-ல நிரூபிச்சவர் எஸ்.எஸ். பிள்ளை. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வேலை பாத்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தை 1929-ல உருவாக்கினது நம்ம கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1950-ல அமெரிக்காவுக்குப் போற வழியில கெய்ரோ பக்கத்துல விமான விபத்துல பிள்ளை இறந்துட்டார், வயசு 49 தான்.

73 ஏன் வேணும்னு பாக்க 703-ஐ எடுங்க. 3⁶ = 729 பெருசு, அதனால 64-ஐயும் 1-ஐயும் வச்சுத்தான் கட்டணும், பத்து 64, மிச்சம் 63 ஒண்ணு, மொத்தம் 73. நம்ம எண்ணுக்கு பெருசுல இருந்து கழிச்சுக்கிட்டே வருவோம். 92⁶ = 606355001344, கழிச்சா மிச்சம் 23648628659. அதுல 53⁶ போனா 1484267530. 33⁶ போனா 192799561. 24⁶ போனா 1696585. அப்புறம் 10⁶, 9⁶, 7⁶, 6⁶ வரிசையா போனா மிச்சம் 839. அதுல 3⁶, 2⁶ போக 46, அது 46 ஒண்ணு. பத்தும் நாப்பத்தாறும் 56, பிள்ளை சொன்ன 73-க்குள்ள அடங்கிருச்சு. இப்படி பெருசுல இருந்து கழிக்கிறது எப்பவும் ஆகக் குறைஞ்ச எண்ணிக்கையைக் குடுக்காது, ஆனா கையில போட்டுப் பாக்க இதைவிட நல்ல வழி இல்ல.

படி 9: 1-ஐ இந்த எண்ணால வகுத்தா

எண்ணுல 2-ம் 5-ம் இல்ல, அதனால தசமம் புள்ளிக்கு அடுத்த இலக்கத்துல இருந்தே சுழல ஆரம்பிக்கும். சுழற்சியோட நீளம் என்னன்னா, 10-ஐ எத்தனை தடவை பெருக்கினா மீதி 1 வருதோ அதுதான். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனியா பாத்து மீ.சி.ம எடுக்கணும். 3-க்கு 1, 11-க்கு 2, 17-க்கு 16. 101-க்கு 4, 9901-க்கு 12ன்னு மேலயே பாத்துட்டோம். மிச்சம் 1123.

1123-ஓட மீதியை மட்டும் எழுதிட்டே போவோம். 10³-க்கு −123. ஸ்கொயர் பண்ணினா 15129, அதுல 13 தடவை 1123 போனா 530, அது 10⁶. 10⁹-க்கு 530 × (−123), மீதி −56. அதை 100-ஆல பெருக்கினா −5600, அஞ்சு தடவை 1123 கூட்டினா 15. ஆக 10¹¹-க்கு வெறும் 15! இவ்வளவு சின்ன மீதி கிடைச்சா கணக்கு ஓடிரும். 15-ஐ மூணு தடவை பெருக்கினா 3375, மீதி 6, அது 10³³. 10¹⁷-க்கு 15 × 530, மீதி 89, அதை மூணு தடவை பெருக்கினா 10⁵¹-க்கு 848. 15-ஐ 17 தடவை பெருக்கினா 10¹⁸⁷-க்கு −34. இந்த −34-ஐ மூணு தடவை பெருக்குங்க, −39304, அதோட 35 × 1123 = 39305-ஐ கூட்டினா 1. வந்துருச்சு, 187 × 3 = 561. முன்னாடி 33-லயும் 51-லயும் 187-லயும் 1 வரல, அதனால சுழற்சி நீளம் சரியா 561. படி 5-ல பாத்த அதே 561! காரணமும் உண்டு, 1123 = 2 × 561 + 1, 1123-ஓட கணக்குல 10 ஒரு வர்க்கத்தோட மீதியா இருக்கு, அதனால பாதி வழியிலேயே 1-க்கு வந்துருது.

இப்ப 1, 2, 4, 16, 12, 561-க்கு மீ.சி.ம: 16 × 3 × 11 × 17 = 8976. ஆக 1 ÷ 630003630003-ஐ எழுதினா 8,976 இலக்கத்துக்கு ஒருக்க அதே வரிசை திரும்ப வரும்.

கம்ப்யூட்டர்ல சரி பாக்குறவங்களுக்கு

எக்செல்ல போட்டுப் பாக்காதீங்க, அது 15 இலக்கம்தான் வச்சுக்கும், நம்ம எண்ணை அதாலயே பெருக்கின உடனே கடைசி இலக்கங்களை பூஜ்யமாக்கிரும், மீதி எல்லாம் தப்பா வரும். பைத்தான்ல முழு எண்ணுக்கு அளவே இல்ல, அதுல போடலாம்.

கைப்பழக்கத்துக்கு காரைக்குடியோட இன்னொரு பின்கோடு 630002-ஐ ரெண்டு தடவை எழுதி இதையே போடுங்க. 630002-ல 2-ஐ எடுத்தா 315001, அடுத்து 19 வரைக்கும் போனா வழி கிடைக்கும். கடைசியில 2 × 19 × 59 × 101 × 281 × 9901 வரணும், வகுத்தி அதே 64, ஃபை 2,89,39,68,00,000, மீ.சி.ம 40,19,400. முக்கோணம் இந்தத் தடவை கிடையாது. தசமத்துல ஒரு வித்தியாசம் பாப்பீங்க, 2 உள்ள இருக்கிறதால புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் சுழற்சியில சேராம தனியா நிக்கும், ரெண்டாவது இலக்கத்துல இருந்துதான் சுழலும்.